பழைய கால்பலகை வாங்கும் முன் கவிழ்த்துப் பாருங்கள்

நீங்கள் கேட்டதை என் மொழியில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். சென்னையில் அடுக்குமாடி வீடு. 68 வயது அம்மாவுக்கு முழங்கால் வலி, நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே கால் மரத்துப்போகிறது என்கிறார். காரைக்குடி போயிருந்தபோது ஒரு கடையில் கடைசல் கால் வைத்த குட்டி ஸ்டூல் ஒன்றை "நூறு வருஷத்துப் பர்மா தேக்கு" என்று சொல்லி 9,000 ரூபாய் கேட்டார்கள். பக்கத்தில் இன்னொரு கடையில் பச்சை பெயின்ட் அடித்த பழைய மணை 1,800 ரூபாய். அம்மா கால் வைத்துக்கொள்ள எதை வாங்கலாம், முதலாவது உண்மையிலேயே பழையதுதானா, ஹாலில் சோஃபாவை எடுத்துவிட்டு இந்த மாதிரி தாழ்வான இருக்கைகளையே போட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

இதற்குள் மூன்று கேள்விகள் கலந்து கிடக்கின்றன. அம்மாவின் காலுக்கு எது ஒத்துவரும், கேட்கிற விலைக்குப் பொருள் தகுமா, ஹாலில் யார் எதில் உட்காருவது. பழமை இரண்டாவது கேள்விக்குள் மட்டும்தான் வருகிறது. ஆனால் கடையில் நிற்கும்போது நம் தலைக்குள் அது ஒன்றுதான் ஓடும். கடைக்காரருக்கும் அது தெரியும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. அப்பா தச்சர், அவரிடம்தான் உளி பிடிக்கக் கற்றேன். 22 வருடமாகப் பழைய மரச்சாமான்களைப் பழுதுபார்ப்பதுதான் பிழைப்பு. மரம், மூட்டு, பாலிஷ் இவற்றைப் பற்றி நம்பிக்கையோடு சொல்வேன். முழங்காலைப் பற்றிச் சொல்வதெல்லாம் அளவு சார்ந்த விஷயம் மட்டும்தான். மீதி டாக்டரின் வேலை.

முதலில் அளவு. கடையில் விற்கிற நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து 17, 18 அங்குலம் இருக்கும். வீட்டுக்குள் நாம் வெறுங்காலோடு இருக்கிறோம், ஷூவின் அடிப்பகுதி தருகிற ஒரு அங்குலம்கூடக் கிடையாது. அம்மாவை நேராக உட்காரவைத்து, முழங்கால் மடிப்பின் உட்புறத்திலிருந்து குதிகால்வரை டேப் வைத்து அளந்து பாருங்கள். ஐந்தடி உயரமுள்ள பெண்களுக்கு நான் அளந்த வரையில் 14, 15 அங்குலத்தைத் தாண்டுவது குறைவு. அப்படியானால் மூன்று அங்குலம் கால் அந்தரத்தில் தொங்குகிறது, தொடையின் அடிப்பக்கம் இருக்கையின் முன்விளிம்பில் அழுந்துகிறது. கால் மரத்துப்போவதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். சர்க்கரையாகவோ நரம்புக் கோளாறாகவோகூட இருக்கலாம் என்பதால் பலகை வாங்குவதோடு நிறுத்திவிடாதீர்கள்.

அந்த மூன்று அங்குலத்தைக் கவனியுங்கள். நம் வீடுகளில் சாப்பிட உட்காரப் போட்ட மணை, பலகையும் அடியில் அறைந்த இரண்டு குறுக்குக் கட்டையும் சேர்ந்து, இரண்டிலிருந்து மூன்றரை அங்குலம் உயரம் இருக்கும். உட்காரச் செய்த பொருள்தான், ஆனால் நாற்காலிக்கு முன்னால் தள்ளிப்போட்டால் இந்தக் குறைக்கு அளவெடுத்துச் செய்தது போல் பொருந்தும். இரண்டு பாதமும் முழுதாகப் பதியும் அகலமும் இருக்கும். உங்கள் போட்டோவில் கடைசல் ஸ்டூலுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தெரிகிறது. அதை வைத்துக் கணக்குப் போட்டால் ஸ்டூல் ஒன்பது, பத்து அங்குலம் இருக்க வேண்டும். நேராக உட்கார்ந்திருப்பவர் அவ்வளவு உயரத்தில் பாதம் வைத்தால் முழங்கால் இடுப்புக்கு மேலே ஏறிவிடும், கொஞ்ச நேரத்தில் முதுகு வளையும். அது ஈசி சேரிலோ சோஃபாவிலோ சாய்ந்து காலை நீட்டிக்கொள்பவருக்கான ஸ்டூல். காலை நீட்டுவதற்கு, ஆள் உட்கார்ந்து மெத்தை அமுங்கிய பிறகு சோஃபா என்ன உயரமோ, அதே உயரமோ ஒன்றிரண்டு அங்குலம் குறைவோ இருக்க வேண்டும். 16 அங்குல சோஃபா ஆள் உட்கார்ந்தால் 13, 14க்கு இறங்கும். பத்து அங்குல ஸ்டூலின் மேல் மூன்று அங்குலத்துக்கு இலவம்பஞ்சுத் திண்டு ஒன்று போட்டால் கணக்கு சரியாகிவிடும். குதிகால் மட்டும் படாமல் கெண்டைக்காலும் சேர்ந்து தாங்கும்படி இருந்தால் இன்னும் நல்லது.

ஹாலைத் தாழ்வாக மாற்றும் யோசனைக்கு, அம்மா இருக்கும் வீட்டில் என் பதில் வேண்டாம் என்பதுதான். பத்து அங்குல இருக்கையில் உட்காருவது கஷ்டமில்லை, எழுந்திருப்பதுதான் கஷ்டம். முழங்கால் ஆழமாக மடங்கிய நிலையிலிருந்து உடம்பு எடை முழுவதையும் தூக்க வேண்டும், ஊன்றிக்கொள்ளக் கைப்பிடியும் கிடையாது. பழைய வீட்டில் தரையில் உட்கார்ந்த பாட்டிக்கு எழும்போது பிடித்துக்கொள்ளத் தூண் இருந்தது, நிலைப்படி இருந்தது, கூப்பிட்ட குரலுக்கு நாலு பேர் இருந்தார்கள். நீங்களும் நண்பர்களும் உட்கார ஒரு மூலையில் இரண்டு முக்காலி, ஒரு பிரம்பு மோடா, பவானி ஜமுக்காளம் என்று போட்டுக்கொள்ளுங்கள். அம்மாவின் நாற்காலியை எடுக்காதீர்கள்.

சரி, இப்போது அந்த 9,000 ரூபாய் ஸ்டூல். நீங்கள் அனுப்பிய நான்கு படமும் மேற்புறம்தான். மேற்புறத்தைப் பார்த்து நான் எதுவும் சொல்ல மாட்டேன். எந்தக் கடையிலும் முதலில் பாலிஷ் போடுவது அங்கேதான். தலைகீழாகக் கவிழ்க்கச் சொல்லுங்கள்.

கையால் செய்த பழைய சாமானில், கண்ணுக்குத் தெரியாத இடத்தைத் தச்சர் இழைக்க மாட்டார். அடிப்புறத்தில் வாச்சியால் செதுக்கிய தடமோ கைரம்பத்தின் ஒழுங்கற்ற கீறலோ இருக்கும். அரைவட்டமாக, ஒரே இடைவெளியில் வரிவரியாகக் கோடு ஓடினால் அது வட்ட ரம்ப மில்லில் அறுத்த பலகை. அதனால் மட்டும் புதிது என்று சொல்லிவிட முடியாது, நூறு வருடத்துக்கு முன்பும் மில்கள் இருந்தன. அடிமரத்தின் நிறம் மங்கி, வறண்டு, சாம்பல் பூத்தது போல் இருக்க வேண்டும். மேலே இருக்கிற அதே கரும்பழுப்பு அடியிலும் ஒரே சீராக இருந்தால், சாயம் பூசியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். டீ டிகாஷன், பெர்மாங்கனேட் கரைசல், ஷூ பாலிஷ் என்று புது மரத்துக்கு வயது ஏற்ற நிறைய வழி இருக்கிறது. வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து ஒரு மூலையில் அழுத்தித் தேயுங்கள். பழைய அழுக்கு சாம்பல் நிறத்தில் வரும், சாயம் பழுப்பாக இறங்கும்.

அடுத்து மூட்டு. காலின் தலையைக் கழுந்தாகச் செதுக்கி, பலகையிலோ சட்டத்திலோ துளை எடுத்து இறக்கி, மூங்கில் ஆணி அடித்து இறுக்குவது பழைய முறை. அந்த ஆணித் தலை முழு வட்டமாக இருக்காது. மரம் குறுக்குவாட்டில் சுருங்கும், ஆணி தன் நீளத்தில் அவ்வளவாகச் சுருங்காது. அதனால் நாளடைவில் ஆணித் தலை மயிரிழை வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், விரலால் தடவினால் தட்டுப்படும். இதைப் போலியாகச் செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை. வட்டப் பலகையாக இருந்தால் இன்னொரு சோதனை: மரநாரின் நீளவாக்கில் ஒரு அளவு, குறுக்கே ஒரு அளவு எடுங்கள். பழைய பலகை குறுக்கே சில மில்லிமீட்டர் குறைந்து லேசாக முட்டை வடிவம் ஆகியிருக்கும். தேக்கு மற்ற மரங்களைவிடக் குறைவாகச் சுருங்குவதால் வித்தியாசம் மெல்லியதாகத்தான் இருக்கும், கண்ணை நம்பாமல் டேப்பை நம்புங்கள்.

ஸ்டார் திருகாணி இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தக் கூட்டல் குறித் தலைக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்ததே 1936இல்தான், நம் ஊர்த் தச்சர் கைக்கு வந்தது அதற்கெல்லாம் வெகு காலம் கழித்து. ஒன்றிரண்டு இருந்தால் யாரோ பின்னால் பழுதுபார்த்திருக்கிறார்கள், பரவாயில்லை. நான்கு காலும் அதில்தான் நிற்கிறது என்றால் "நூறு வருஷம்" என்ற பேச்சை அங்கேயே விட்டுவிடலாம்.

தேய்மானம் ஒரு பக்கமாக இருக்க வேண்டும். மனிதன் எந்தப் பொருளையும் நான்கு பக்கமும் சமமாகப் பயன்படுத்துவதில்லை. கால் வைத்த பலகையில் முன்விளிம்பு மழுங்கியிருக்கும், இழுத்துப்போட்ட பக்கத்துக் கால்நுனி அதிகம் தேய்ந்திருக்கும். நான்கு விளிம்பும் ஒரே அளவுக்கு உருண்டிருந்தால் அது சாண்டிங் மெஷின் செய்த வேலை.

"பர்மா தேக்கு" என்ற சொல்லுக்கு வருகிறேன், ஏனென்றால் விலையில் பாதி அந்தச் சொல்லுக்குத்தான். செட்டிநாட்டில் இந்தச் சொல்லுக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. நகரத்தார் பர்மாவில் வட்டித் தொழில் செய்தார்கள், அங்கிருந்து வந்த தேக்கில்தான் அந்தப் பெரிய வீடுகளின் தூணும் உத்திரமும் நின்றன. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும் அந்தத் தொடர்பு அறுந்தது. ஆக, ஒரு செட்டிநாட்டு வீட்டிலிருந்து வந்த தேக்கு பர்மாவிலிருந்து வந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆனால் கடையில் நிற்கும் ஸ்டூலைப் பார்த்து இது பர்மா, இது கேரளத்து நிலம்பூர் என்று கண்ணால் பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. முடியும் என்று சொல்கிற யாரையும் நான் நம்புவதில்லை. நிலம்பூரில் 1840களிலேயே ஆங்கிலேயர் தேக்குத் தோட்டம் போட்டுவிட்டார்கள், நம் பக்கத்து நல்ல தேக்கும் பழைய சாமான்களில் ஏராளம். வெட்டுமுகத்தில் வளையங்கள் நெருக்கமாக இருந்தால் மரம் மெதுவாக வளர்ந்தது என்று தெரியும். எந்த நாட்டில் வளர்ந்தது என்று வளையம் சொல்லாது. தேக்கா இல்லையா என்பதைக் கண்டுபிடிப்பது எளிது: அடியில் பாலிஷ் இல்லாத இடத்தில் லேசாகச் சுரண்டி முகர்ந்தால் தோல் வாடையும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்த ஒரு மணம் வரும், ஒருமுறை முகர்ந்தால் மறக்காது. எழுத்தில் அத்தாட்சி வேண்டுமென்றால் பெங்களூருவில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் மரத்துண்டைச் சோதித்து இன்ன மரம் என்று சொல்வார்கள். ஒரு குட்டி ஸ்டூலுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

இந்தச் சந்தையில் நான் அதிகம் பார்ப்பது முழுப் போலி கிடையாது. பழைய மரத்தில் செய்த புதுச் சாமான்தான் அதிகம். வீட்டை இடிக்கிறார்கள், உத்திரமும் நிலையும் விற்பனைக்கு வருகின்றன, அதை அறுத்து ஸ்டூல் செய்கிறார்கள். மரம் நிஜமாகவே பழையது, ஸ்டூலுக்கு வயது இரண்டு மாதம். எந்தக் காரணமும் இல்லாமல் ஒரு துளை அடைக்கப்பட்டிருக்கும், கால் சேராத இடத்தில் காடி வெட்டியிருக்கும். இப்படிப்பட்டதை வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். நல்ல வைரம் பாய்ந்த மரம், இன்று புது மரத்தில் அப்படிக் கிடைக்காது. பழம்பொருள் விலை கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். உயரமான ஸ்டூலின் காலை வெட்டிக் குட்டையாக்குவதும் உண்டு. உங்களுடையது கடைசல் கால் என்பதால் இதைக் கண்டிப்பாகப் பாருங்கள். கடைசலின் உருண்டையும் பள்ளமும் ஒரு முடிவுக்கு வராமல் பாதியிலேயே தரையைத் தொட்டால், அல்லது கால்களை இணைக்கிற குறுக்குச் சட்டம் தரைக்கு ஒரு அங்குலம் மேலேயே ஓடினால், வெட்டியது. அப்புறம், ஊஞ்சல் பலகைக்குக் குட்டைக் கால் வைத்த பெஞ்சுகள் வருகின்றன. நான்கு மூலையிலும் வளையம் மாட்டிய ஓட்டை இருக்கும், பலகை நல்ல தடிமனாக இருக்கும். அது எனக்குப் பிடித்த மாற்றம், ஹாலில் உங்கள் மூலைக்கும் அதை வாங்கிப் போடலாம் என்பேன். கல்லாப்பெட்டியைத் தாழ்வான இருக்கையாக்க மட்டும் வேண்டாம். அதன் மூடி கணக்கு எழுதுவதற்கான மெல்லிய பலகை, பிட்டத்துக்கானது இல்லை.

பச்சை மணைக்கு வருவோம். என் ஓட்டு அதற்குத்தான், ஆனால் இரண்டு சந்தேகம் தீர வேண்டும். ஒன்று, பெயின்ட். பழைய எனாமல் பெயின்ட்டில் ஈயம் இருந்திருக்க நிறைய வாய்ப்பு. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். பெயின்ட் உதிராமல் இறுக்கமாக இருந்தால் அதன் மேல் கால் வைப்பதால் ஆபத்தில்லை. உரிந்து உதிர்ந்தால், அல்லது நீங்களே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், அந்தத் தூள்தான் ஆபத்து, முக்கியமாகத் தவழும் குழந்தை வருகிற வீட்டில். வீட்டுக்குள் வைத்துச் சுரண்டாதீர்கள். இந்த வேலை தெரிந்தவரிடம் கொடுத்து, ஈரம் வைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். பெயின்ட்டுக்கு அடியில் பலா மரமாக இருந்தால் சுரண்டிய இடம் மஞ்சளாகத் தெரியும். மணை செய்ய அருமையான மரம்.

இரண்டாவது உளு, மரத்தைத் துளைக்கிற பூச்சி. ஊசி குத்தியது போல ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஓட்டைகள் இருந்தாலே பயப்பட வேண்டாம். ஓட்டையின் உள்விளிம்பு கறுத்து அழுக்கடைந்திருந்தால் பூச்சி போய் வருடங்கள் ஆகியிருக்கும். விளிம்பு வெளுப்பாக, கீழே மாவு போன்ற தூள் புதிதாகக் கொட்டினால் உள்ளே ஆள் இருக்கிறது. வாங்கியதும் பால்கனியில் கறுப்புத் தாள் விரித்து அதன்மேல் இரண்டு வாரம் வையுங்கள். தூள் விழாவிட்டால் உள்ளே கொண்டுவரலாம். விழுந்தால் போரேட் மருந்து அடிக்க வேண்டும், ஓட்டையில் மண்ணெண்ணெய் விடுவது அரை வைத்தியம். நான் ஒருமுறை இந்த இரண்டு வாரம் பொறுக்காமல் ஒரு மோடாவை நேராகப் பட்டறைக்குள் கொண்டுபோய், பக்கத்தில் அடுக்கியிருந்த பிரம்புக் கட்டு முழுவதையும் இழந்தேன்.

வாங்கிய பிறகு எதையும் உடனே புதுசாக்கிவிடாதீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு அம்மாள் தன் மாமியாரின் மணையைக் கொண்டுவந்து, ஆடுகிற குறுக்குக் கட்டையை மட்டும் சரிசெய்யச் சொன்னார். நான் ஆர்வக்கோளாறில் மேற்புறத்தையும் இழைப்புளி போட்டுச் சமமாக்கி, பளபளவென்று பாலிஷ் அடித்துக் கொடுத்தேன். ஐம்பது வருடம் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்திருந்த குழி போய்விட்டது. அவர் அதைத் தடவிப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை, கூலியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

எந்தப் பாலிஷ் என்று தெரிந்துகொள்ள, மறைவான இடத்தில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்குப் பாலிஷ். சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும், ஆனால் பழுதுபார்ப்பது சுலபம். அசையாமல் இருந்தால் மெலமைன் மாதிரி புதுப்பூச்சு. பராமரிப்புக்குத் தேன்மெழுகு பூசினால் போதும். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், அது காயவே காயாது, தூசியைப் பிடித்துக் கன்றிப்போகும். ஆளி விதை எண்ணெய் போட்டால் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் விரித்துக் காயப்போடுங்கள். சுருட்டிய துணி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்கு ஒன்று அனுப்பலாமா என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் ஆன கலைப்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. பழையது போல் தெரிகிற வேலைப்பாடான பொருளுக்கு, இது தொல்பொருள் இல்லை என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிக்கொள்வது நல்லது. ஈட்டி மரமாக இருந்தால் அந்த மர வகைக்கான சர்வதேச வணிகக் கட்டுப்பாடும் 2017இலிருந்து சேர்ந்துகொண்டது. கடைக்காரர் உங்களிடம் "நூறு வருஷம்" என்று பில்லில் எழுதித் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள், முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

கடைசியாக அம்மாவுக்கான ஒரு விஷயம், விலையைவிட முக்கியம். மணையின் குறுக்குக் கட்டைகள் சிமென்ட் தரைக்குச் செய்தவை. உங்கள் வீட்டு வழவழப்பான டைல்ஸில் பாதத்தால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு ஓடும். அடியில் நான்கு மூலையிலும் ரப்பர் துண்டு ஒட்டுங்கள். பலகையின் ஓரத்தை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள், மறுபக்கம் தூக்கினால் குறுக்குக் கட்டைகள் ரொம்ப உள்ளே தள்ளி இருக்கின்றன, அதை விட்டுவிட்டு வேறு மணை பாருங்கள். இரவில் அது கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவே கிடக்கக் கூடாது. இரண்டு பொருளையும் கவிழ்த்து, பகல் வெளிச்சத்தில், ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அம்மாவின் கால் அளவையும் எழுதுங்கள். 9,000 ரூபாய் ஸ்டூலுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.